முதல் இருக்கு, புழக்கம் இல்லை!

ஆனிப் பௌர்ணமி. மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் போயிருந்தேன். பிட்சாடனர் வீதியுலா வர, மொட்டை மாடியிலிருந்து எல்லோரும் மாம்பழம் வீசிக்கொண்டிருக்க, அக்கா மகன் மட்டும் தொப்பியைக் கழற்றாமல் ஓரமாக நின்றான். வயது 27. பெண் பார்க்கிறார்கள்.

‘‘மாமா, இதைப் பாருங்க’’ என்று ஒரு நோட்டீஸை நீட்டினான். ஸ்டெம் செல் முறையில் நிரந்தர முடியாம்! பணத்துக்கு அக்காவின் செயினை அடகு வைப்பதாகத் திட்டம்.

புத்தக விமர்சனம் படித்திருப்பீர்கள். இந்த வாரம் நோட்டீஸ் விமர்சனம்.

முதல் வரி: ‘ஸ்டெம் செல் இல்லாததே வழுக்கைக்குக் காரணம்.’ அப்படியா? 2011-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் காட்சரெலிஸ் குழுவினர், ஒரே தலையில் வழுக்கையான இடத்தையும் முடியுள்ள இடத்தையும் ஒப்பிட்டார்கள். ஸ்டெம் செல்கள் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வழுக்கையில் அவை அடுத்த கட்ட செல்களாக மாறுவதுதான் தடைப்பட்டிருந்தது. பி.காம். பாஷையில் சொன்னால், முதல் பத்திரமா இருக்கு; புழக்கத்துக்கு வரலை.

இரண்டாவது வரி: ‘உங்கள் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்.’ கீழே பொடி எழுத்தில் பி.ஆர்.பி. என்றிருக்கிறது. ரத்தத்தில் தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் ஊசி போடுவது அது. தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது. அது எப்படி ஸ்டெம் செல் ஆகும்?

மூன்றாவது: ‘வெளிநாட்டில் நிரூபிக்கப்பட்டது.’ 2015-ல் கலிபோர்னியாவில், மனித ஸ்டெம் செல்களை முடி முளைக்கத் தூண்டும் செல்களாக மாற்றி, முடி வளர்த்தது நிஜம்தான். எங்கே? எலியின் தோலில்!

நோட்டீஸ் சொல்லாத வரிகளும் உண்டு. ரத்த நோய் போன்ற சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல் வைத்தியம் எல்லாமே ஆராய்ச்சிக் கட்டம்தான், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறை. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்கள் என்று 1945-ம் வருட மருந்து விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. வழுக்கை அதில் இருக்கிறது.

ஆராய்ச்சி பொய்யில்லை, சார். நாளைக்குப் பலிக்கவும் செய்யலாம். நாளைய வரவை இன்றைய கணக்கில் எழுதி, ஒரு பையனின் கூச்சத்திடம் பணம் கறப்பதுதான் மோசடி.

‘‘அப்ப வழியே இல்லையா மாமா?’’

‘‘மினாக்சிடில்னு ஒண்ணு இருக்குடா. சிலருக்குக் கேட்கும். தடவுறதை நிறுத்தினா பலனும் போயிடும். நல்ல தோல் டாக்டரைப் பாரு.’’

அழகே வேண்டாமென்று பேயுருவைக் கேட்டு வாங்கிய அம்மையாரின் ஊர் இது. அதையும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தான்.

செயின் பீரோவுக்குத் திரும்பிவிட்டது. தொப்பி இன்னும் தலையில்தான்.