கைப்பொருள் சாட்சியாகுமோ?
(சிலப்பதிகாரத்தில் இரு வழக்குகள்)

சிலப்பதிகாரத்தைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் கண்ணகியின் கற்பைப் புகழ்வர். அன்றேல் மதுரை எரிந்த காட்சியை வருணிப்பர். அதுவும் அன்றேல் ஊழ்வினையின் வலிமையை எடுத்துக் கூறி, எல்லாம் விதியென்று முடித்து இறங்கிவிடுவர். அந்நூல் ஒரு வழக்கின் வரலாறு என்பதை எடுத்துரைப்பார் மிகச் சிலர். ஒருவன் கையில் ஒரு பொருள் இருந்தது; அதனால் அவன் கள்வன் எனப்பட்டான்; கள்வன் எனப்பட்டமையால் கொல்லப்பட்டான்; கொன்ற பின்னர் அவன் குற்றமற்றவன் என்பது வெளியாயிற்று. இளங்கோவடிகள் பாடிய பெருங்காப்பியத்தின் முதுகெலும்பு இதுவே. மரண தண்டனை இருக்கவேண்டுமா, ஒழியவேண்டுமா என்னும் கேள்வி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுந்து நிற்கும் இக்காலத்தில், நம் வீட்டு நூலாகிய அஃது இக்கேள்விக்கு என்ன விடை தருகிறது என்று ஆராய்தல் பயனுடையதாகும்.

முதலில் கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்வோம். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். கோவலனோ தன் மனைவியின் காற்சிலம்பொன்றை விற்க அவனிடமே வந்து சேர்கிறான். தன் களவை மறைக்க வழி கிடைத்ததென்று மகிழ்ந்த பொற்கொல்லன் அரசனிடம் ஓடி, சிலம்போடு கள்வன் அகப்பட்டான் என்கிறான். பாண்டியன் அப்போது ஊடிச் சென்ற தேவியின் மனத்தைத் தணிக்க விரைந்துகொண்டிருக்கிறான். நின்று விசாரிக்க அவனுக்குப் பொறுமையில்லை. அச்சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்று காவலருக்கு ஆணையிட்டுச் சென்றுவிடுகிறான்.

கொல்வதற்குக் கொணர்க என்று சொல்ல எண்ணிய அரசன், ஊழ் உந்தியதால் வாய் தவறிக் கொன்று கொணர்க என்றான் எனப் பொருள் கூறுவாரும் உளர். அரசன் செய்த பிழையை ஊழின் தலையில் ஏற்றும் இவ்விளக்கம் நமக்கு வேண்டுவதில்லை. பிழை வாய்ச்சொல்லில் மட்டும் இல்லை. ஆணையின் அமைப்பிலேயே இருக்கிறது. பொருள் அவன் கையில் இருக்கிறதா என்பதொன்றே அங்கு வைக்கப்பட்ட சோதனை. அஃது எவ்வாறு அவன் கைக்கு வந்தது என்று கேட்குமாறு அரசன் எவருக்கும் சொல்லவில்லை.

காவலர் செய்ததும் ஊன்றி நோக்கத்தக்கது. அவர்கள் கோவலனைக் கண்டவுடன் தயங்குகிறார்கள். இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமன்று என்கிறார்கள். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு வகையாகக் கள்வர் கைக்கொள்ளும் வழிகளை அடுக்கிக் காட்டுகிறான். இவ்வாதத்தின் நஞ்சை அறிதல் வேண்டும். ஒருவன் நல்லவனாகத் தோன்றினால், அவ்வாறு தோன்றுவதே கள்வனின் திறமை என்று ஆகிவிடுகிறது. அதன்பின் அவன் குற்றமின்மைக்கு எதைக் காட்டினாலும் அது குற்றத்திற்குச் சான்றாகவே மாறும். காவலர் இன்னும் பேசிக்கொண்டிருக்கையில், கல்வியறிவில்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவ்விடத்தில் கோவலன் பேசியதாக ஒரு சொல்லும் நூலில் இல்லை. அச்சிலம்பு வந்த வழியை அறிந்தவன் அவ்விடத்தில் அவன் ஒருவனே. அவனை எவரும் கேட்கவில்லை. கேட்குமுன் அவன் வெட்டுண்டு வீழ்ந்தான்.

பின்னர் கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைக்கிறாள். அரசன் முதலில் கூறும் விடை யாது? கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று, அஃது அரசநீதியே என்கிறான். இது கொடியவன் ஒருவனின் சொல் அன்று. சட்டத்தை நம்பிய ஒரு மன்னனின் சொல். என் சிலம்பின் உள்ளே இருப்பன மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எம் சிலம்பின் உள்ளே இருப்பன முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, பொற்கொல்லன் சொற்கேட்ட தானே கள்வன் என்று கூறி அரசன் உயிர் துறக்கிறான். இங்கு ஒன்றைக் கவனிக்க. தன் தேவியின் சிலம்பில் முத்து இருந்ததென்பது அரசனுக்கு முன்னமே தெரிந்த செய்தி. உன் சிலம்பின் பரல் யாது என்ற ஒரே கேள்வியைக் கோவலனிடம் கேட்டிருந்தால் அவ்வளவில் வழக்கு முடிந்திருக்கும். உண்மை எட்டாத் தொலைவில் இல்லை. அஃது அரண்மனைக்குள்ளேயே இருந்தது.

இஃது ஒரு வழக்கு. இதற்கு நேர் எதிரே அடிகள் மற்றொரு வழக்கை வைத்திருக்கிறார். அதனை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் கதை அது. பாண்டி நாட்டுத் தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் என்ற அந்தணன் வாழ்ந்தான். சேர மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்பான் அவ்வூரில் தங்கி, வார்த்திகனுடைய சிறுமகன் மறையோதும் திறங்கண்டு மகிழ்ந்து, அவனுக்குப் பொன் அணிகளை வழங்கிச் சென்றான். வார்த்திகன் குடும்பத்தார் திடீரென அணிகலன் பூண்டு விளங்கக் கண்ட அரச ஊழியர் பொறாமை கொண்டு, இவன் அரசுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று குற்றஞ்சாட்டிச் சிறையில் அடைத்தனர். அவன் மனைவி கார்த்திகை அழுது அரற்றினாள். கொற்றவை கோயிற் கதவு திறவாது நின்றது. பாண்டியன் காரணம் விசாரித்தான், உண்மை தெரிந்தது. வார்த்திகனை விடுவித்து, பொறுத்தருள வேண்டுமென்று நிலத்தில் வீழ்ந்து வணங்கி, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்கினான். அம்மட்டோ? புதையலாயினும் கொடையாயினும் அது பெற்றவர்க்கே உரியது என்று நாடெங்கும் பறையறைவித்துச் சட்டத்தையே மாற்றினான்.

கோயிற் கதவு தானே அடைத்துக்கொண்டதா என்பதைப் பற்றி நமக்குச் சர்ச்சை வேண்டாம். கதையின் நியாயத்தை மட்டும் பார்ப்போம். இரண்டு வழக்கும் ஒரே நாட்டில் நடந்தவை. குற்றச்சாட்டும் ஒரே தன்மையது. கையில் இருந்த நகையே இரண்டிலும் சாட்சி. இரண்டிலும் சாட்டியவர் பொய்யர். இரண்டிலும் அரசு பிழைத்தது. இரண்டிலும் ஒரு பெண்ணின் கண்ணீரால் உண்மை வெளிப்பட்டது. வேற்றுமை ஒன்றே. வார்த்திகன் சிறையில் உயிரோடிருந்தான். கோவலன் வெட்டுண்டு கிடந்தான். ஆகவே ஒரு பாண்டியன் மன்னிப்புக் கேட்க முடிந்தது. மற்றவன் மன்னிப்புக் கேட்க ஆளில்லாமல் தானும் மாண்டான். தோட்டத்துக் கணக்குப் பிள்ளைக்கும் இது விளங்கும். செக்ரோலில் பெயர் தவறாக விழுந்தால் மறுநாள் சிவப்பு மையால் திருத்தலாம்; குறைந்த கூலியை அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கலாம். இறந்தவனை எந்த மையால் திருத்துவது?

இது பழங்கதை, இக்காலத்தில் வக்கீல்களும் அப்பீல் கோர்ட்டும் உள்ளனவே என்று சொல்வாருக்கு நம் நாட்டு வரலாறே விடை கூறும். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, 1949ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1948இல் வந்த அவசரகால விதிகளின் கீழ் அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் கொலையன்று. துப்பாக்கி வைத்திருந்தார் என்பதே. அவருக்காக இந்திய சர்க்கார் பரிந்து பேசியும் பயனில்லை. கோவலனுக்கு இல்லாத விசாரணை கணபதிக்கு இருந்தது உண்மை. ஆயினும் ஆயுதம் கையில் இருந்தது என்று தீர்ந்தபின், அவர் அதனால் எவரைக் கொன்றார், எவருக்குத் தீங்கு செய்தார் என்ற கேள்விக்கு அச்சட்டத்தில் இடமில்லை. சிலம்பு துப்பாக்கியாயிற்று, சோதனை அதுவே.

அதன்பின் அவ்விடத்தைப் போதைப்பொருட் பொட்டலம் பிடித்தது. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில், கடத்தலுக்கு மரணமே கட்டாய தண்டனை என்று 1983இல் ஆக்கப்பட்டது. ஒருவன் கைவசம் 15 கிராம் ஹெராயின் இருந்தால் அவன் கடத்தற்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று மெய்ப்பிக்கும் சுமை அவனுடையது. பொருளை அறிந்து வைத்திருந்தான் என்பதை ஓர் அனுமானத்தாலும், ஆகவே கடத்தினான் என்பதை மற்றோர் அனுமானத்தாலும் நிறுவ இடந்தந்த 2014ஆம் ஆண்டின் விதியைக் கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் செல்லாதென்று தள்ளியது. சிங்கப்பூரிலோ 15 கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெராயினுக்குத் தூக்கு என்னும் சட்டம் 1975இல் வந்தது. 2012ஆம் ஆண்டின் திருத்தம், பொருளைச் சுமந்து வந்தவர்களில் சிலர் விஷயத்தில் மட்டும் நீதிபதிக்கு வேறு தண்டனை விதிக்க இடமளித்தது.

போதைப்பொருள் நம் குடும்பங்களைப் பாழ்படுத்துவதை யாம் மறுக்கவில்லை. அதன் கொடுமையை அறியாத லயமும் இல்லை, பட்டணத்துச் சந்தும் இல்லை. ஆனால் சிலப்பதிகாரம் காட்டும் உண்மையை இங்கு மறத்தலாகாது. சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கையில் அன்று சிலம்பில்லை. திருடாத கோவலன் கையில் சிலம்பிருந்தது. வியாபாரத்தின் தலைவன் பொட்டலத்தைத் தன் கையால் சுமப்பதில்லை. வறுமையாலோ, அறியாமையாலோ, கடனாலோ சுமக்க வந்தவன் கைதான் நிறைந்திருக்கும். கைப்பொருளைக் கண்டு உயிரை வாங்கும் சட்டம் சுமந்தவனை எளிதில் பிடிக்கும். அனுப்பியவனை அறிந்தவனும் அவனோடு அழிவான்.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். திருவள்ளுவரே கொடியோரைத் தண்டித்தலைப் பயிரிடையே களை பறித்தலுக்கு ஒப்பிட்டாரே என்பது முதல் வாதம். அக்குறளுக்குக் கொலையினால் தண்டித்தல் என்று பரிமேலழகர் பொருள் கண்டார். கொலையிற் கொடியவரைத் தண்டித்தல் என்பதே பொருள், எத்தண்டனை என்பதைக் குறள் கூறவில்லை என்பாரும் உளர். முன்னதையே கொண்டாலும், அதே செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள் ஆராய்ந்து தெளிந்து செய்வதே முறை என்றல்லவா தொடங்குகிறது? லாலான் புல்லை ரப்பர்க் கன்றென்று மயங்குவார் தோட்டத்தில் இல்லை. மனிதருள் களை எது, பயிர் எது என்று காணும் கண் அவ்வளவு தெளிவுடையதாயின், மதுரைக் காவலர் கையில் கோவலன் மாண்டிருப்பானா?

நன்றாக விசாரித்து, ஐயமற்ற இடத்தில் மட்டும் தூக்கலாமே என்பது இரண்டாம் வாதம். நம் நாடுகளுக்குத் தூக்குமரத்தையும் அதற்கான சட்டத்தையும் தந்த இங்கிலாந்தில், தன் குழந்தையைக் கொன்றதாகத் திமொத்தி எவன்ஸ் என்பவர் 1950இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன முக்கியமானவன், அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி. அவனே பல பெண்களைக் கொன்றவன் என்பது 1953இல் வெளியாயிற்று. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை. நீதிபதியும் ஜூரியும் அப்பீலும் இருந்த நாட்டில், பொற்கொல்லனின் சொல் மீண்டும் ஒருமுறை நம்பப்பட்டது. ஐயமில்லை என்று கருதியதனால்தானே அவரைத் தூக்கினார்கள்? பாண்டியனுக்கும் அன்று ஐயமில்லை.

கொலையுண்டவரின் தாய்க்கு என்ன விடை என்பது மூன்றாம் வாதம். இஃது எளிதில் தள்ளத்தக்கதன்று. அவளுக்கு நீதி வேண்டும். குற்றவாளி வெளியே திரியலாகாது. நெடுஞ்சிறை அதனைச் செய்யும். உயிருக்கு உயிர் என்று தொடங்கினால் அஃது எங்கே நிற்கும் என்பதற்கும் அடிகளின் நூலிலேயே சான்றுண்டு. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினந்தணிக்கப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அந்நூல் கூறுகிறது. ஒருவன் செய்த களவுக்கு ஆயிரவர் தலை! விசாரணையின்றி ஒருவனைக் கொன்றதற்குக் கழுவாயாக, விசாரணையின்றி ஆயிரவரைக் கொன்றார்கள். கோவலனுக்காக ஒரு நகரையே எரித்த காப்பியம், இவ்வாயிரவரின் மனைவியர் அழுத கண்ணீருக்கு ஓரடியும் ஒதுக்கவில்லை. இதனை நூலின் பெருங்குறையென்றே யான் கருதுகிறேன். அவர்களுள் ஒருத்தியேனும் சிலம்பேந்தி அவைக்கு வந்திருந்தால் செழியன் என்ன விடை கூறியிருப்பான்?

மலேசியாவில் 2018 முதல் தூக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 2023 ஜூலை 4ஆம் நாள் முதல் கட்டாய மரண தண்டனை ஒழிந்தது. கொலைக்குற்றத்திற்கு 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியும் மாற்றாக வைக்கப்பட்டன. வார்த்திகனைக் கண்டு சட்டத்தை மாற்றிய பாண்டியன் வழியில் இஃது ஓரடி. ஆனால் நீதிபதி விரும்பினால் மரணம் விதிக்கலாம் என்னும் நிலை அங்கே இருக்கிறது. சிங்கப்பூரில் தூக்குமரம் வேலை செய்துகொண்டும் இருக்கிறது. எஞ்சிய அடியையும் எடுத்துவைத்தல் வேண்டும். குற்றம் செய்தவன்மீது இரக்கங்கொண்டு மட்டும் யாம் இதனைக் கேட்கவில்லை. பிழை செய்யாத அரசு இதுவரை தோன்றவில்லை என்பதனாலும் கேட்கிறோம். சிலப்பதிகாரத்தைப் பாராட்டும் தமிழர், கோவலனுக்காக அழுவதோடு நில்லாமல், வார்த்திகனைச் சிறையிலிருந்து மீட்ட கதையையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாராக.