பாலினமும் வாக்களிப்பும்: ‘ரைசிங் டைட்’ நூலின் கோட்பாடு குறித்து ஒரு திறனாய்வு

ரொனால்ட் இங்கிள்ஹார்ட், பிப்பா நோரிஸ் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரைசிங் டைட்’ என்னும் நூல், பாலினமும் அரசியலும் பற்றிய ஆய்வுகளில் பெரிதும் எடுத்தாளப்படுவதாகும். பெண்கள் பழமைச் சார்புடையோராக வாக்களிக்கும் நிலை, தொழில்வளர்ச்சிக்குப் பிந்தைய சமூகங்களில் மாறி, அவர்கள் ஆண்களைவிட இடதுசாரிச் சார்பினராகின்றனர் என்பது இந்நூலின் மையக்கருத்து. கல்வி, ஊதியம் பெறும் பணி, சமயப் பற்றின் தளர்ச்சி ஆகியன இதற்குக் காரணங்களாகக் காட்டப்பெறுகின்றன.

நான்கு ஐரோப்பிய நாடுகளை ஆராய்ந்து மோரிஸ் துவெர்ஜே 1955ஆம் ஆண்டில் எழுதிய முன்னோடி நூலின் எல்லையை, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரித்தமை இந்நூலின் சிறப்பாகும். எனினும் இரண்டு குறைகள் சுட்டத்தக்கன.

முதலாவது, மாற்றத்திற்கு உரியவர் யார் என்பது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுத் தேர்தலில் ரீகனுக்குப் பெண்களிடையே கிடைத்த ஆதரவு, ஆண்களிடையே கிடைத்ததைவிட ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்தது. இதனைப் பெண்களின் இடம்பெயர்வாகக் கொள்வதே வழக்கம். ஆனால் கேரன் காஃப்மன், ஜான் பெட்ரோசிக் ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வு, ஜனநாயகக் கட்சியை விட்டு விலகியோர் பெரிதும் ஆண்களே என்று காட்டுகின்றது. ஆணை அளவுகோலாகவும் பெண்ணை அதிலிருந்து விலகியவராகவும் கொள்ளும் பார்வை இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது.

இரண்டாவது, வளர்ச்சிப் படிநிலை பற்றியது. இந்தியாவில் 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஆண்கள் 63.3 விழுக்காட்டினரும் பெண்கள் 46.6 விழுக்காட்டினரும் வாக்களித்தனர். 2019ஆம் ஆண்டிலோ பெண்களின் விழுக்காடு ஆண்களுடையதைச் சற்றே விஞ்சியது. இதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு வீதம் வீழ்ச்சியுற்றிருந்தது. ஆகவே பணிப் பங்கேற்பின் வழியே இம்மாற்றத்தை விளக்கிவிட இயலாது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய 73ஆம் அரசமைப்புத் திருத்தம் போன்ற அரசியல் காரணிகளும் ஆராயப்படல் வேண்டும்.

மேலும், இவ்விழுக்காடுகள் பட்டியலில் பதிவுபெற்றோரை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை. பதிவுபெறாத பெண்கள் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. எனவே வாக்களிப்பு விழுக்காடு சமமானதைக் கொண்டு அரசியல் சமத்துவம் எய்தப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

வேறுபாடு என்பது இருவருக்கிடையே அமைவது. அதனைப் பெண்களின் இயல்பாகக் கற்பிக்காது, இருபாலாரின் நகர்வையும் காலவரிசையில் ஒப்பிட்டுக் காட்டுவதே ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் ஏற்ற நெறியாகும்.