சத்தமாக யோசித்தல்: யாருடைய மொழியில்?

எழுதுகிறவரின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பது நம் சூழலில் கொஞ்சம் அபசாரமான காரியம். எழுத்து என்றால் ஆவேசம், தரிசனம். அதைப்போய் ஆய்வுக்கூடத்தில் கிடத்தலாமா என்று முகம் சுளிப்பார்கள். அமெரிக்கக் கல்விப்புலத்துக்கு 1971லேயே இந்தக் கூச்சம் போய்விட்டது. ஜேனட் எமிக் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களை எழுதச் சொன்னார். எழுதும்போதே மனசில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னார். 1981ல் லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும் இந்த முறையை வைத்து ஒரு கோட்பாட்டையே கட்டினார்கள். எழுதுவதில் திட்டமிடல், மொழிபெயர்த்தல், திருப்பிப் பார்த்தல் என்று மூன்று வேலைகள். மூன்றும் வரிசையாக வருவதில்லை. ஒன்றின் நடுவில் இன்னொன்று புகுந்துகொள்ளும்.

இதில் 'மொழிபெயர்த்தல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தாய்மொழியில் எழுதுகிறவர் தன் எண்ணத்தைச் சொல்லாக்குவதற்கு அவர்கள் யோசித்தே வைத்த பெயர் அது. எண்ணம் எங்கோ தனியாக உட்கார்ந்திருக்கிறது, மொழி பிறகு வந்து அதை அள்ளிக்கொண்டு போகிறது என்கிற படிமம் அதற்குள் இருக்கிறது. சரி, இரண்டு மொழி உள்ள மண்டையில் இந்த மாதிரியைப் பொருத்தினால்? அங்கே எண்ணமே பாதி ஒரு மொழியிலும் பாதி இன்னொன்றிலுமாகக் கிடக்கும். அவரை எந்த மொழியில் சத்தமாக யோசிக்கச் சொல்வது? ஆங்கிலத்தில் மட்டும் யோசி என்றால், கிடைப்பது யோசனை அல்ல, யோசனையின் மொழிபெயர்ப்பு. ஒலிநாடாவில் மௌனமாகப் பதிவான இடத்தில்தான் அசல் வேலை நடந்திருக்கும்.

இந்தக் கேள்வி 1980களில் மெல்ல மெல்ல எழுந்தது. அதற்கு முன்னால் ராபர்ட் கப்ளான் (1966) வரைந்த கோட்டுப்படங்கள்தான் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. அதில் ஆங்கிலச் சிந்தனை நேர்கோடு, கீழைச் சிந்தனை சுருள். மாணவர்களின் கட்டுரைகளைப் பார்த்துவிட்டு ஒரு பண்பாட்டின் மூளைக்கே படம் போட்ட துணிச்சல் இது. காலனிய மானுடவியல் மண்டையோட்டை அளந்தது. இவர் பத்தியை அளந்தார். (பின்னாளில் அவரே தன் கூற்றுகளின் கடுமையைத் தளர்த்திக்கொண்டார், படங்கள் மட்டும் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டன.)

விவியன் ஸமெல் 1983ல் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக்கொண்ட ஆறு மாணவர்கள் எழுதுவதைக் கூடவே இருந்து கவனித்தார். தேர்ந்தவர்கள் சொல் கிடைக்காத இடத்தில் நின்றுவிடவில்லை. இடம் விட்டார்கள், தாய்மொழிச் சொல்லையே போட்டு வைத்தார்கள், மேலே போனார்கள். தேராதவர்களோ முதல் வாக்கியத்திலேயே இலக்கணத்தைத் திருத்த உட்கார்ந்துவிட்டார்கள். ஃப்ரைட்லாண்டர் 1990ல் சீன மாணவர்களிடம் பார்த்ததும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. சீன வாழ்க்கை அனுபவத்தைப் பற்றி எழுதுவதற்குச் சீனமொழியில் திட்டமிட்டவர்கள் ஆங்கிலத்தில் மேலான கட்டுரை எழுதினார்கள். அப்படியானால் தாய்மொழி 'குறுக்கிடுகிறது' என்று வகுப்பறையில் காலகாலமாகச் சொல்லிவந்தது என்ன ஆயிற்று? குறுக்கே நின்றது வாத்தியாரின் சிவப்பு மை என்பதுதான் என் கட்சி. மை தாளில் விழுவதற்கு முன்பே மண்டைக்குள் விழுந்துவிடுகிறது. மாணவர் அடிக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, மொழிக்குச் சொந்தக்காரராகத் தன்னைக் கருதிக்கொள்கிற ஒரு வாசகர் உட்கார்ந்திருக்கிறார்.

ஃப்ளவர்-ஹேய்ஸ் மாதிரியில் இந்த ஆளுக்குச் சரியான இடமே இல்லை. வாசகர் வெளியே ஒரு பெட்டிக்குள் 'பணிச்சூழல்' என்ற பெயரில் அடங்கிவிடுகிறார். பட்ரிசியா பிஸ்ஸெல் 1982லேயே இதைப் பிடித்தார். எழுதுகிறவரின் தடுமாற்றத்தை மூளையின் குறையாகப் பார்க்காதே, அவர் நுழைய முயலும் சொல்லாடல் சமூகத்தின் வாசலைப் பார் என்பது அவர் வாதத்தின் சாரம். நியாயம்தான். ஆனால் வாசலைப் பற்றிப் பேசுவதோடு நின்றுவிட்டால், உள்ளே போக விரும்பாத ஆளும் உண்டு என்பது மறந்துபோகிறது.

அந்த ஆள் யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறார். சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். யுத்தத்தின் நடுவே, முதலாண்டுக் கலைப்பிரிவு மாணவர்கள் 22 பேரின் கட்டாய ஆங்கில வகுப்பை ஆராய்ந்து 1993ல் கட்டுரையாக வெளியிட்டார். பாடநூல் அமெரிக்கச் சரக்கு. மாணவர்களின் கட்டுரைத் தாளோடு நிற்காமல், பாடப்புத்தகத்தின் ஓரங்களையும் அவர் புரட்டிப் பார்த்தார். படங்கள், தமிழ்த் தொடர்கள், சினிமா, காதல், போராட்டம் எல்லாம் அங்கே இருந்தன. பாடம் நடக்கும்போது இவர்கள் நினைத்ததெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருந்தது. எந்த ஒலிநாடாவிலும் அகப்படாத சத்தமான யோசனை அது.

ஆனால் இதை உடனே 'எதிர்ப்பு' என்று கொண்டாடிவிட முடியாது. அதே மாணவர்கள் இலக்கணம் சொல்லிக்கொடுங்கள், பரீட்சைக்கு அதுதான் வேண்டும் என்றும் கேட்டார்கள். கலந்துரையாடிக் கற்பது, எழுத்தைச் செயல்முறையாகப் பார்ப்பது என்கிற முற்போக்குச் சமாச்சாரமெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஏன்? செயல்முறை பேசுகிற ஆசிரியர் நம் சிந்தனைக்குள் வருகிறார். இலக்கணம் கேட்கிறவர் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு சிந்தனையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். இது என் வாசிப்பு. கனகராஜா இதை இருமனநிலை என்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் சாமர்த்தியமும் தெரிகிறது.

2006ல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை பேராசிரியர் கா. சிவத்தம்பியின் மூன்று ஆய்வெழுத்துகளை ஒப்பிடுகிறது. ஒன்று தமிழில் எழுதியது. இன்னொன்று ஆங்கிலத்தில் உள்நாட்டாருக்கு, மூன்றாவது ஆங்கிலத்தில் வெளிநாட்டாருக்கு. எழுதியவர் ஒருவர்தான், தாய்மொழியும் ஒன்றுதான், ஆனால் பிரதிகள் மூன்று மாதிரி. கப்ளானின் சுருளும் நேர்கோடும் இங்கே செத்துப்போகின்றன. எழுத்தின் போக்கைப் பிறந்த மொழி மட்டுமே தீர்மானிப்பதில்லை. யாருக்கு முன்னால் நிற்கிறோம் என்பதைப் பார்த்துத் தேர்ந்துகொள்கிறோம். சிவத்தம்பிக்கு அந்தத் தேர்வுக்கான அதிகாரம் இருந்தது. முதலாண்டு மாணவருக்குப் புத்தக ஓரம்தான் இருந்தது.

ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் பேசித் தப்பித்துக்கொள்ள வேண்டாம். பேசுகிற தமிழுக்கும் எழுதுகிற தமிழுக்கும் இருக்கிற தூரத்தில், பள்ளிக்கு வருகிற முதல் தலைமுறைப் பிள்ளைக்கு எழுத்துத்தமிழே இரண்டாம் மொழிதான். அந்தப் பிள்ளையும் இடம் விட்டு, தன் வீட்டுச் சொல்லைப் போட்டுவைத்து எழுதுகிறது. அது 'கொச்சை' என்று அடிபடுகிறது. பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தபோது அதன் மொழியைப் பற்றி எழுந்த முணுமுணுப்புகள் தெரிந்ததுதான். மண்டைக்குள் இருந்த வாத்தியாரை எந்தக் கட்டத்தில் வெளியே அனுப்பினார் என்று கேட்கிற விமரிசனம் ஒன்று நமக்குத் தேவை. வெளியான பிரதியை மட்டும் அலசுகிற விமரிசனத்தால் அந்தக் கேள்வியைத் தொடக்கூட முடியாது. நம் சிறுபத்திரிகைகளிலும் 'ஒசரம்' என்று வந்ததை மெய்ப்புத் திருத்துகிறவர் 'உயரம்' என்று மாற்றிவிடுகிறார். அதற்குப் பிறகு கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கேட்கிறவர் யாரும் இல்லை.