24 டெசிபெலுக்கு ஒரு வக்காலத்து

டிஎஸ்பி வந்த பிறகு கிராஸ்ஓவரின் சரிவுக்கு விலையே இல்லாமல் போய்விட்டது. ஆக்டேவுக்கு 48 டெசிபெல் வேண்டுமா, 96 வேண்டுமா, மெனுவில் தேர்ந்தெடுத்தால் போதும். இருந்தும் நான் செய்யும் பெட்டிகள் எல்லாம் கடைசியில் லிங்க்விட்ஸ்-ரைலியின் 24 டெசிபெலில்தான் வந்து நிற்கின்றன. பழைய பாசம் என்கிறார்கள் நண்பர்கள். பாசம் உண்டுதான், ஆனால் காரணம் அது இல்லை.

சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் ஜெர்மனியில் பிறந்து, 1961-இல் கலிஃபோர்னியாவுக்குப் போய், ஹியூலெட்-பேக்கர்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ரேடியோ அலைகளை அளக்கும் கருவிகளை வடிவமைத்தவர். அளப்பவனின் புத்தி அவருடையது. 1976-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் வந்த கட்டுரையில் அவர் கவலைப்பட்டது ஒன்றைப் பற்றித்தான்: வூஃபரும் ட்வீட்டரும் ஒரே இடத்தில் இல்லை. மூன்றாம் வரிசை பட்டர்வொர்த்தை நேரெதிரே மைக் வைத்து அளந்தால் கோடு சமமாகத்தான் வரும். ஆனால் இரண்டு டிரைவர்களுக்கும் இடையே 90 டிகிரி ஃபேஸ் விலகல் நிற்பதால் ஒலி மேலோ கீழோ சாய்ந்து கிளம்பும். நாற்காலியில் நிமிர்ந்தால் ஒரு குரல், சாய்ந்தால் வேறு குரல். இரண்டும் எந்த அலைவரிசையிலும் ஒரே ஃபேஸில் பேச வேண்டும் என்றார் லிங்க்விட்ஸ். இரண்டாம் வரிசை பட்டர்வொர்த்தை இரண்டு முறை அடுக்கினால் அது கிடைத்துவிடும் என்று காட்டியவர் உடன் வேலை பார்த்த ரஸ் ரைலி. சந்திக்கும் இடத்தில் ஆளுக்கு 6 டெசிபெல் இறங்கி, கூட்டினால் சமம். 2 கிலோஹெர்ட்ஸில் 15 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் மேலே சுமார் 35 டிகிரியில் ஒரு பள்ளம், கீழே அதே அளவில் இன்னொன்று. நடுவில் ஒலி நேராக நிற்கும்.

இந்த 24 டெசிபெல் காற்றில் கிடைக்க வேண்டியது, மெனுவில் அல்ல. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 2 கிலோஹெர்ட்ஸில் வெட்டப்போகும் டோம் ட்வீட்டரின் ஒத்ததிர்வு 1 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே அது தானாகவே ஆக்டேவுக்கு 12 டெசிபெல் இறங்குகிறது. அதன் தலைமேல் எல்ஆர்-24 என்று மெனுவில் வைத்தால், கீழே கிடைப்பது 36. சந்திப்பில் ஃபேஸ் கெட்டுவிடும். நான் கொண்டாடுவது வேறு வழி. வூஃபரின் அடித்தளத்தை நீட்டுவதற்காக நாம் எல்லோரும் பயன்படுத்துகிற லிங்க்விட்ஸ் டிரான்ஸ்ஃபார்மை ட்வீட்டருக்குப் போடுங்கள், ஆனால் மேல்நோக்கி. ட்வீட்டரின் 1 கிலோஹெர்ட்ஸ் ஒத்ததிர்வையும் அதன் க்யூவையும் அளந்து, ஒரு பைகுவாடால் அதை 2 கிலோஹெர்ட்ஸுக்கும் 0.707 க்யூவுக்கும் நகர்த்துங்கள். அந்த ஒரு பைகுவாடே கீழ்ப்பகுதியை 12 டெசிபெல் அடக்கிவிடும். இப்போது ட்வீட்டரே ஒரு பட்டர்வொர்த். லிங்க்விட்ஸ்-ரைலியில் பாதி வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு இன்னொரு பைகுவாட். இரண்டே இரண்டு. டிரைவரின் இயல்போடு மல்லுக்கு நிற்காமல் அதையே ஃபில்டரின் உறுப்பாக எடுத்துக்கொள்ளும் இந்தக் கணக்கைவிட அழகான ஒன்றை இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை.

சரியாக வந்ததா என்று பார்க்க, ட்வீட்டரின் போலாரிட்டியைத் திருப்பிப் போட்டு அளக்க வேண்டும். கூட்டல் கோடு பொய் சொல்லும். சந்திப்பில் 10 டிகிரி பிசகு இருந்தாலும் அதில் தெரிவது 0.03 டெசிபெல்தான், யார் கண்ணுக்கும் படாது. திருப்பிப் போட்ட பள்ளமோ அதே பிசகில் 21 டெசிபெல் ஆழத்தோடு நின்றுவிடும். 35 டெசிபெல் ஆழம் வேண்டுமானால் பிசகு 2 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் தாமதம் என்பது காற்றில் 7 மில்லிமீட்டர். 2 கிலோஹெர்ட்ஸில் அது 15 டிகிரி. ஒரு சாம்பிள் தவறினால் பள்ளம் 18 டெசிபெல்கூட இருக்காது. முழு சாம்பிள்களை மட்டும் அனுமதிக்கும் பலகைகளில், மிச்சத்தை முதல் வரிசை ஆல்பாஸ் ஒன்றால் நிரப்பிக்கொள்வேன். ஒவ்வொரு படியிலும் பள்ளம் கூர்மையாகிக்கொண்டே இறங்குவதைத் திரையில் பார்ப்பது தனி சுகம்.

எஃப்ஐஆர் அன்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: ஃபேஸ் சுழலுகிறதே என்று. சுழலட்டும். 2 கிலோஹெர்ட்ஸ் எல்ஆர்-24-இன் குரூப் டிலே 0.3 மில்லிசெகண்டைத் தாண்டாது. பிளவர்ட்டும் லாஸும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த அலைவரிசையில் காது உணரும் எல்லை சுமார் 1 மில்லிசெகண்டு. மாறாக லீனியர் ஃபேஸில் செங்குத்தான சரிவு போட்டால், ஒவ்வொரு டிரைவரும் அடி விழுவதற்கு முன்பே ஒலிக்கத் தொடங்குகிறது. நேரெதிரே அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், மேலும் கீழும் சாய்ந்த கோணங்களில் அழியாது. அறையின் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்புவது அந்த அழியாத ஒலிதான். அடிக்குப் பின் நீளும் ஒலியைக் காது மன்னிக்கும், முன்னால் வருவதை அவ்வளவு சுலபமாக மன்னிப்பதில்லை. காதால் சோதிக்க மிருதங்கத்தின் சாப்பு ஒன்று போதும். ஃபேஸ் சேர்ந்த கிராஸ்ஓவரில் தோலின் அடியும் அதன் நாதமும் ஒரே இடத்திலிருந்து எழும். தம்புராவைக் கேளுங்கள்: ஜீவாளியின் ரீங்காரம் தந்தியை விட்டுத் தனியே மேலே மிதக்கிறதென்றால் சந்திப்பில் கோளாறு.

முன்பு ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனாமல் செம்புக் கம்பி வாங்கிவந்து காயில் சுற்றுவோம். சில சுற்று அவிழ்த்துக் கேட்போம், மறுபடி சுற்றுவோம். அந்த மெதுவான வேலையில் டிரைவரின் குணம் கைக்கு வந்துவிடும். அந்தத் தொல்லை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லிங்க்விட்ஸே ஆப்-ஆம்ப் பலகைகளில் பல காலம் இருந்துவிட்டு, பிற்காலத்தில் பிவிசி குழாயில் செய்த எல்எக்ஸ்மினிக்கு டிஎஸ்பியைத்தான் எடுத்துக்கொண்டார். என் ஆற்றாமை வேறு. இன்று ஒருவர் அளந்த கோப்பை இன்னொருவர் அப்படியே ஏற்றிக்கொள்கிறார். பெட்டியின் முகப்பு அகலம் வேறு, டிரைவர் தொகுதி வேறு. இன்னும் சிலர் சோபாவில் ஒரு மைக்கை நட்டு, ஆட்டோ கரெக்‌ஷன் வரைந்த நேர்கோட்டைப் படம் எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த ஒரு புள்ளியில் எந்தக் கிராஸ்ஓவரையும் நேராக்கிவிடலாம். எனக்குக் காட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு படங்கள்: திருப்பிப் போட்ட பள்ளம், செங்குத்தாக 15 டிகிரி மேலும் கீழும் எடுத்த அளவு. பெரும்பாலும் இரண்டாவது படத்தை யாரும் எடுத்திருக்கவே மாட்டார்கள்.