ஆறு செடிகள்

2002 ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள், கலிபோர்னிய மாநிலத்து வீடொன்றில் இரண்டு அரசுகள் எதிரெதிரே நின்றன. நோயுற்ற பெண்மணி ஒருவர் மருந்துக்கென ஆறு கஞ்சாச் செடிகளை வளர்த்துவந்தார். வட்டார அதிகாரிகள் ஆராய்ந்து, மாநிலச் சட்டப்படி குற்றமேதுமில்லை என்றனர். உடன் வந்த மத்திய அரசின் அதிகாரிகளோ குற்றமே என்றனர். மூன்று மணி நேரம் இழுபறி. முடிவில் ஆறு செடிகளும் அழிக்கப்பட்டன.

அவரும் மற்றொரு நோயாளியும் தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005 ஜூன் 6 அன்று வழங்கியதே 'கான்சலஸ் எதிர் ரெய்ச்' எனும் தீர்ப்பு. வென்றது மத்திய அரசு. அத்தீர்ப்பை நாம் படித்தோம். படித்தபின் நிறைவு கொள்ள இயலவில்லை.

மருத்துவர் பரிந்துரைத்தால் கஞ்சாவை வளர்க்கலாம், பயன்படுத்தலாம் என்று கலிபோர்னிய மக்கள் 1996இல் தாமே வாக்களித்துச் சட்டமாக்கினர். 1970ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ, மருத்துவப் பயனற்றது எனக் கஞ்சாவை முதற்பட்டியலில் வைத்தது. அச்சட்டத்திற்கு அரசியல் சட்டத்தில் ஆதாரம் எது? மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குசெய்யும் அதிகாரம். விற்கப்படாத செடி, எல்லை கடக்காத செடி, வணிகமாவது எங்ஙனம்? நம் வகுப்பு மாணவன் வணிகத்திற்கு இப்படிப் பொருள் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமோ?

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்டீவன்ஸ், 1942ஆம் ஆண்டின் கோதுமை வழக்கைத் துணைக்கழைக்கிறார். ஒகையோ உழவர் ஃபில்பர்ன் அளவுமீறி விளைத்த கோதுமையைத் தம் பண்ணையிலேயே பயன்படுத்தினாலும், பலரும் அவ்வாறு செய்தால் நாட்டுச் சந்தை நிலைகுலையும் என்றது அவ்வழக்கு. வீட்டுக் கஞ்சா கள்ளச்சந்தைக்குக் கசியும் என்ற அச்சத்தைப் பொய்யென நாம் தள்ளிவிடவில்லை. ஆயின், ஃபில்பர்ன் அறுவடை செய்த காலத்தில், அக்கோதுமைச் சட்டம் ஆறு ஏக்கருக்குக் குறைந்த விதைப்பை விட்டுவைத்தது! அங்கே ஆறு ஏக்கர். இங்கே ஆறு செடிகள். உவமை எங்கே பொருந்துகிறது?

இவ்வேறுபாட்டைச் சுட்டியவர் மாறுபட்ட மூவருள் ஒருவரான நீதியரசர் ஓகானர். ஒருகாலத்தில் அரிசோனா மாநிலச் செனட்டில் அமர்ந்தவர் அவ்வம்மையார். தாம் கலிபோர்னியக் குடிமகளாயிருந்தால் இந்த ஏற்பாட்டிற்கு வாக்களித்திருக்கமாட்டேன் என வெளிப்படையாக எழுதுகிறார். ஆயினும் அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை மாநிலத்திற்கு உண்டு என்கிறார். தமக்குப் பிடிக்காத சட்டத்திற்காக வாதாடும் இந்த நேர்மையே தீர்ப்புத் தொகுதி முழுவதிலும் நம் நெஞ்சைத் தொட்ட பகுதி.

ஸ்டீவன்ஸ் இரக்கமற்றவரல்லர். குறை தீர்க்கும் இடம் காங்கிரசு மன்றம் என்று வழிகாட்டுகிறார். நோயாளிகள் காத்திருந்தனர், ஒன்பது ஆண்டுகள். 2014 டிசம்பரில் காங்கிரசு தந்ததென்ன? மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாச் சட்டங்கள் செயற்படுவதைத் தடுக்க நீதித்துறை அமைச்சகம் பணம் செலவிடலாகாது என்று, செலவுச் சட்டத்தில் ஒரு விதி. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடையை அது நீக்கவில்லை. செலவுச் சட்டத்தின் காலம் முடிந்தால் விதியின் காலமும் முடியும். மறுமுறை எழுதினால்தான் நோயாளிக்கு மறு ஆண்டு.