பிலாவிலையும் ஒரு கேள்வியும்

நாஞ்சில் நாட்டில் கஞ்சி குடிக்கப் பிலாவிலையைக் கோட்டி ஈர்க்கில் குத்துவார்கள். பறிப்பது பெரிய மரத்து இலையைத்தான். கன்றின் இலை பெரும்பாலும் மடல் மடலாகப் பிளந்திருக்கும். கோட்டினால் கஞ்சி ஒழுகும். மரம் ஒன்று, மரபணுத்தொகை ஒன்று, இலை மட்டும் இரண்டு விதம். இலை வடிவத்தை ஒரு தலைமை மரபணு தீர்மானிக்கிறது என்ற கருத்தை நிறுத்துப் பார்க்க இந்தப் படிக்கல்லே போதும்.

அக்கருத்துக்கு வலுச் சேர்த்தவை நாக்ஸ் மரபணுக்கள். குருத்து நுனியின் செல்களை முதிரவிடாமல் வைத்திருப்பவை இவை. இலை அரும்பும் இடத்தில் இவை அடங்கிவிடும். தக்காளி போன்ற கூட்டிலைச் செடிகளில் மீண்டும் எழும். தக்காளியில் இவற்றை மிகையாக இயக்கினால் சிற்றிலைகள் பெருகுகின்றன. ஆனால் 2002-இல் கீதா பாரதன், நீலிமா சின்ஹா குழுவினர் பலவகைத் தாவரங்களில் தேடியபோது, முதிர்ந்தபின் தனியிலையாக முடியும் சிலவற்றின் அரும்பிலும் நாக்ஸ் இருந்தது. பட்டாணியோ கூட்டிலைக்கு நாக்ஸை நாடுவதே இல்லை. யூனிஃபோலியேட்டா என்ற வேறொரு மரபணுவை வைத்து வேலையை முடிக்கிறது. தென்னையோலை இன்னும் விசித்திரம்: மடிப்பு மடிப்பான ஒரே பரப்பாகத் தொடங்கி, பிறகுதான் கீற்றுகளாகப் பிரிகிறது.

'எந்த மரபணு' என்பதைவிட 'எது எதை எப்போது நிறுத்துகிறது' என்ற கேள்வியே பலன் தந்திருக்கிறது. பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய உத்பல் நாத், 2003-இல் சக ஆய்வாளர்களுடன் சின்சினாட்டா மரபணுவை விளக்கினார். இலை நுனியிலிருந்து அடிவரை செல் பிரிவது ஓய்வதை இது நெறிப்படுத்துகிறது. பழுதானால் விளிம்பு அடங்காமல் வளர்ந்து, இலை அப்பளம்போல் நெளியும். சின்சினாட்டா சேர்ந்த டிசிபி குடும்பத்துப் புரதங்கள் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் விளிம்புப் பற்களையும் அடக்குகின்றன. வயதேறும்போது எஸ்பிஎல்-9 புரதம் அவற்றோடு பிணைவதால் பிடி தளர்ந்து, பிந்தைய இலைகளில் பற்கள் கூடுகின்றன.

அழகான விளக்கம்தான். ஆனால் பலா நேரெதிராகப் போகிறது: இளமையில் வெட்டு, முதுமையில் முழுமை. அதன் நெருங்கிய உறவான சீமைப்பலாவோ வளர்ந்த பிறகும் பெரும்பாலும் வெட்டிலையோடு நிற்கிறது.

என் தீர்ப்பு: தலைமை மரபணு என்ற கருத்து தள்ளுபடி. ஒன்றையொன்று தடுத்தாளும் பிணைப்பு என்ற விளக்கம் ஏற்கத்தக்கது; ஆனால் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியின் ஏற்பாட்டை அப்படியே மரத்துக்கும் பொருத்திவிடக் கூடாது. பலா, சீமைப்பலா இரண்டின் மரபணுத்தொகையும் வாசித்தாகிவிட்டது. விளவங்கோட்டுத் தோட்டம் ஒன்றில் இரண்டின் கன்றையும் அருகருகே நட்டால் ஆய்வைத் தொடங்கலாம்.