குளம் மூன்றா, நான்கா? தானியங்கிக் காவல் பற்றி ஒரு குறிப்பு

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, ஏனாத்தூர் வீட்டில் உட்கார்ந்து தமிழ் விக்கிப்பீடியாவின் அண்மைய மாற்றங்களை மேய்ந்துகொண்டிருந்தேன். உத்திரமேரூர் பக்கம் ஒரு ஊராட்சி. கணக்கில்லாத யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றியிருந்தார். அடிப்படை வசதிகள் அட்டவணையில் 'ஊரணிகள் அல்லது குளங்கள்' என்ற வரியில் 4 என்றிருந்தது 3 ஆகியிருந்தது. சான்று இல்லை, தொகுப்புச் சுருக்கமும் இல்லை. எண்ணை மட்டும் மாற்றிவிட்டு ஓடுவது விசமிகளின் பழைய வேலை. நானும் யோசிக்கவில்லை, ஒரு சொடுக்கில் முன்நிலைக்குக் கொண்டுபோய்விட்டேன். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

பிறகு ஒருநாள் அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தது. டீ குடித்துக்கொண்டே குளங்களைப் பற்றிக் கேட்டேன். "ஒண்ணைத் தூர்த்து ரொம்ப நாளாச்சே சார்" என்று கடைக்காரர் கையை நீட்டினார். அங்கே ஒரு கட்டடம் நின்றது. தன் ஊர்க் குளம் போய்விட்டது என்பதை யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த வழியில் பதிவு செய்திருக்கிறார். நான் அந்தக் குளத்தைத் திரும்ப வெட்டி வைத்திருக்கிறேன், திரையில் மட்டும்.

இந்தச் சுற்றுக்காவல் வேலையை இனி தானியங்கிகளிடமே விட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் அந்தக் கட்டடம்தான் கண்முன் வருகிறது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. பக்கங்கள் பெருகிய வேகத்தில் காவல் பார்ப்பவர்கள் பெருகவில்லை. ஆள் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் நடந்ததே போதும். ஜான் சீகன்தாலர் என்ற பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்டு யாரோ எழுதிய பொய், நான்கு மாதத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதனால் காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த மாதிரிக் காவல் என்பதுதான் கேள்வி.

எளிய முறையிலிருந்து ஆரம்பிப்போம். கெட்ட வார்த்தைப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு தடுப்பது. ஆங்கிலத்தில் இதுவே சொதப்பும். தமிழில் கேட்கவே வேண்டாம், வேற்றுமையும் விளியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் மொழி இது. 'நாய்' என்று தேடினால் 'நாயே' என்ற வசவு சிக்காது, ஏனென்றால் அங்கே புள்ளி இல்லை. சரி, 'நாய' என்ற எழுத்துத் தொடரைத் தேடுவோம் என்றால் நாயக்கர், நாயகன், நாயன்மார் எல்லோரும் வலையில் விழுவார்கள். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரே விசமி ஆகிவிடுவார். இது சிரிக்கிற விஷயம், திருத்துவதும் சுலபம். அடுத்தது அப்படியில்லை.

அடுத்தது, கற்றுக்கொள்ளும் தானியங்கி. ஆங்கிலத்தில் 2010 முதல் ஓடும் குளூபாட் என்ஜி இதில் பேர் பெற்றது. அதை நடத்துபவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு தப்பு செய்ய அதற்கு அனுமதி என்பதை வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். நல்ல தொகுப்புகளில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் தவறாகப் பிடிக்கக்கூடாது என்பது வரம்பு. அந்த வரம்புக்குள் நின்றால் மொத்த விசமத்தில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் சிக்கும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். அதாவது, அப்பாவிகள் மாட்டாமல் இருப்பதற்காகப் பாதிக்கு மேற்பட்ட குற்றவாளிகளைத் தெரிந்தே தப்பவிடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கருவி, மனிதர்கள் உட்கார்ந்து நல்லது கெட்டது பிரித்துக் கொடுத்த ஆங்கிலத் தொகுப்புகளைப் பார்த்துப் பழகியது. தமிழுக்கு அப்படிப் பிரித்துக் கொடுக்க ஆள் எங்கே? ஆகவே குறுக்குவழி, 'இதற்கு முன் எதெல்லாம் நீக்கப்பட்டதோ அதெல்லாம் கெட்டது' என்று வைத்துக்கொள்வது. விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆட்டோமாடரேட்டர் என்ற கருவி 2024இல் துருக்கிய விக்கிப்பீடியாவில் வேலைக்கு இறங்கியது. எல்லா மொழிக்கும் பொதுவான அதன் அடிப்படை மாதிரியும் இப்படிப் பழைய மீளமைப்புகளைப் பார்த்துப் பழகியதுதான். வாக்கியத்தின் பொருள் அதற்குத் தேவையில்லை. மேற்கோள் கூடியதா, இணைப்பு குறைந்ததா, எழுதியவருக்குக் கணக்கு உண்டா என்ற மாதிரியான அடையாளங்களே போதும்.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. நீக்கப்பட்டது எல்லாம் கெட்டதா? ரொறன்ரோ என்று யாழ்ப்பாணத்துக்காரர் எழுதுவார், டொராண்டோ என்று நம்மூர்க்காரர் மாற்றுவார். ஜூலை என்று பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுவான், இன்னொருவர் சூலை ஆக்குவார். இதில் யார் விசமி? யாரும் இல்லை. ஆனால் மீளமைப்பு வரலாற்றைப் படிக்கும் இயந்திரம், எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கமே சரி என்று கற்றுக்கொள்ளும். நான் ஐந்து விநாடியில் தூக்கிய அந்தக் குளமும் அந்தப் பாடத்தில் ஒரு வரி. என் அவசரத்தைத்தான் அது அறிவு என்று படிக்கப்போகிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த மாதிரி ஊராட்சிப் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் உருவானதே தானியங்கியால்தான். அரசுத் தரவுகளை வைத்து நீச்சல்காரனின் தானியங்கி அவற்றை எழுதியது. நல்ல வேலை அது, குறையே சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் 12,000க்கும் மேல், எந்த மனிதர் உட்கார்ந்து எழுதுவார்? ஆனால் எழுதியது இயந்திரம், இனி காவல் காப்பதும் இயந்திரம் என்றால், நடுவில் அந்த ஊர்க்காரருக்கு என்ன இடம்? 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மதுராந்தகம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மறுநாளே போனை எடுத்து, தன் ஊர்ப் பக்கத்தில் காஞ்சிபுரத்தை அடித்துச் செங்கல்பட்டு என்று போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில்லை, சான்றில்லை, ஊர்ப்பெயர் மாற்றம். அடையாளத்தை மட்டும் பார்த்தால் அசல் விசமம். செய்தியைப் பார்த்தால், அந்தப் பக்கத்திலேயே அன்றைக்குச் சரியாக இருந்த ஒரே வரி.

வந்த முதல்நாளே ஒருவரை அடித்து அனுப்பினால் அவர் திரும்ப வருவாரா? ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பிறகு பங்களிப்பாளர்கள் குறைந்ததை ஆரன் ஹால்ஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் ஆராய்ந்தார்கள். நல்ல எண்ணத்தோடு வரும் புதியவர்களின் தொகுப்புகள் அதிகமாக நிராகரிக்கப்படுவதும், அதில் தானியங்கிக் கருவிகளுக்கு இருக்கும் பங்கும் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. ஆங்கிலம் அந்த இழப்பைத் தாங்கும். நமக்கு ஒவ்வொரு ஆளும் கணக்கு. எங்கள் ஏனாத்தூரைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய, எல்லார் கையிலும் போன். அவர்களில் ஒருவர் முதல்முறை ஒரு வரி எழுதி, அது மூன்றாவது விநாடியில் காணாமல் போனால், ஆலமரத்தடிக்கு வந்து நியாயம் கேட்கவா போகிறார்? பேசாமல் ரீல்ஸ் பக்கம் போய்விடுவார்.

அப்ப என்னதான் பண்ணலாம்? பதிலின் ஒரு பகுதி உத்திரமேரூரிலேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளில் குடவோலை முறையைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்குப் பிடித்த விதி வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. ஏரி வாரியத்துக்கும் இதே விதிதான். அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் சபை அது. ஆனால் அதிகாரம் வேண்டுமென்றால் கணக்கு காட்டு என்ற விதி மட்டும் இன்றைக்கும் செல்லும்.

தானியங்கிக்கும் அதையே வைப்போம். அது நீக்க வேண்டாம், கொடி மட்டும் காட்டட்டும். அப்பட்டமான வசவையும் பக்கத்தையே வெறுமையாக்குவதையும் மட்டும் தானே சரிசெய்யட்டும். எண், ஊர்ப்பெயர், எழுத்துக்கூட்டல் என்றால் "இது எப்படித் தெரியும்?" என்று நல்ல தமிழில் ஒரு கேள்வி கேட்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை, எத்தனை பிடித்தோம், அதில் எத்தனை தப்பு என்று அதை இயக்குபவர் ஆலமரத்தடியில் கணக்கு வைக்கட்டும். வைக்காவிட்டால் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அந்த ஊராட்சிப் பக்கத்தில் இன்றும் 4 என்றுதான் இருக்கிறது. டீக்கடைக்காரர் சொன்னதைச் சான்றாகக் காட்ட முடியாது, அந்த விதி சரிதான். எனவே பேச்சுப் பக்கத்தில் நடந்ததை எழுதி, அன்று திருத்தியவரிடம் மன்னிப்புக் கேட்டு, சான்று இருந்தால் தாருங்கள் என்று போட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. அவர் அதன்பின் விக்கிப் பக்கமே வந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.